கார்டு பிடித்தத்தை யார் தலையில் கட்டுவது? நியூயார்க் மஞ்சள் டாக்சிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்தின் மஞ்சள் டாக்சிகள் கடன் அட்டை, டெபிட் கார்டு இரண்டையும் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற முடிவு 2004 மார்ச்சில் எடுக்கப்பட்டது. 2007 அக்டோபரில் அது நடைமுறைக்கு வரத் தொடங்கி, 2008இல் ஏறத்தாழ எல்லா வண்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்போது ஓடிய மஞ்சள் டாக்சிகள் 13,000க்கும் மேல். முடிவுக்கும் அமலுக்கும் நடுவில் மூன்றரை ஆண்டுகள், இரண்டு வேலைநிறுத்தங்கள், ஒரு கூட்டாட்சி நீதிமன்ற வழக்கு.

அப்புறம் லண்டன் 2016இல் இதே மாதிரி விதியைக் கொண்டுவந்தது. ஹாங்காங்கில் 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். இப்படி ஒரு விதியை எழுத உட்காரும் எந்த நகர நிர்வாகமும் முதலில் படிக்க வேண்டியது நியூயார்க்கில் நடந்ததைத்தான். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்டு வாங்கச் சொன்னது சரியான முடிவு. கார்டுக்கான பிடித்தத்தை, அதாவது கார்டில் வரும் தொகையிலிருந்து கழிக்கப்படும் கட்டணத்தை, வாடகை வண்டி ஓட்டுபவரின் கூலியிலிருந்து எடுக்க அனுமதித்தது தவறு. அந்த ஒரு தவறிலிருந்துதான் பின்னால் வந்த சண்டையில் பெரும்பகுதி முளைத்தது.

வண்டி ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர்

நியூயார்க்கில் மஞ்சள் டாக்சி ஓட வேண்டுமென்றால் அதன் முன்மூடியில் மெடாலியன் என்ற உலோக வில்லை பதித்திருக்க வேண்டும். அதுதான் உரிமம். 1937இல் வந்த ஒரு நகரச் சட்டம் இந்த உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டியது. எண்ணிக்கை கட்டுக்குள் இருந்ததால் வில்லையின் விலை ஏறிக்கொண்டே போனது. 2013, 2014 வாக்கில் ஒரு வில்லை பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்றது.

அவ்வளவு பணம் டாக்சி ஓட்டுபவரிடம் ஏது? வில்லையை வைத்திருந்தவர்களில் பலர் முதலீட்டாளர்கள், கராஜ் முதலாளிகள். 1979இலிருந்து ஷிஃப்ட் வாடகை முறை சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஓட்டுநர் யாருக்கும் ஊழியர் கிடையாது. 12 மணி நேரத்துக்கு வண்டியை வாடகைக்கு எடுக்கிறார், அவ்வளவுதான். 2004க்குப் பிறகான விதிப்படி பகல் ஷிஃப்டுக்கு உரிமையாளர் அதிகபட்சம் 105 டாலர் வாங்கலாம் என்றிருந்தது. வாரக் கடைசி இரவுகளுக்கு 129 டாலர் வரை. பெட்ரோல் செலவு ஓட்டுநருடையது.

மாலை நாலரை மணி வாக்கில் குயின்ஸ் பகுதியில் உள்ள ஒரு கராஜில் வண்டியை எடுக்கும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். சாவி கைக்கு வரும்போதே நூறு டாலருக்கு மேல் பாக்கி. முதல் நாலைந்து மணி நேரம் ஓட்டுவது வாடகைக்கும் பெட்ரோலுக்கும் போகும். அதற்குப் பிறகு வரும் சவாரிதான் வீட்டுக்கு. கூட்டம் இல்லாத மழை இரவில், உடம்பு முடியாமல் பாதியில் வண்டியை விட்ட நாளில், கையிலிருந்து போட்டுவிட்டு வருவதும் உண்டு. சம்பளம், மருத்துவக் காப்பீடு, விடுப்பு எதுவும் கிடையாது.

இப்படி வாழ்கிறவருக்கு ரொக்கம் என்பது அன்றைய தினத்தையே ஓட்டும் எண்ணெய். மன்ஹாட்டனில் இறங்கும் பயணி கொடுக்கும் 12 டாலரை வைத்து அடுத்த நிமிடமே பெட்ரோல் போடலாம், சாப்பிடலாம், திரும்பிப் போய் வாடகையைக் கட்டலாம். அதே 12 டாலர் கார்டில் வந்தால் முதலில் உரிமையாளரின் கணக்குக்குப் போகிறது. ஓட்டுநர் அதை அங்கிருந்து கேட்டு வாங்க வேண்டும். 2004இல் நகரின் டாக்சி, லிமோசின் ஆணையத்தில் இந்த விதிக்குக் கை தூக்கியவர்களுக்கு இந்தப் பணப் பாதை தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் விதி பயணியின் இருக்கையிலிருந்து பார்த்து எழுதப்பட்டது.

2004 பேரம்

1996க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் மீட்டர் கட்டணம் ஏறவே இல்லை. 2004 மார்ச்சில் நகரின் டாக்சி, லிமோசின் ஆணையம் 26 சதவீத உயர்வை ஏற்றது. ஏறியவுடன் விழும் கட்டணம் 2 டாலரிலிருந்து 2.50 ஆனது. அதோடு சேர்த்து ஒரு தொழில்நுட்பப் பட்டியலும் நிறைவேறியது. பின்இருக்கையில் கார்டு தேய்க்கும் கருவி. பயணிக்கு வரைபடமும் செய்தியும் காட்டும் திரை. ஓட்டுநருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி. பயணப் பதிவைத் தானாக எழுதும் கணினி.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதுவரை ஓட்டுநர்கள் ஒவ்வொரு சவாரியையும் பேனாவால் ஒரு தாளில் எழுதினார்கள்: எங்கே ஏற்றினோம், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எங்கே இறக்கினோம், எவ்வளவு. சிக்னலில் நிற்கும் நேரத்தில் மடியில் வைத்து எழுத வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் அபராதம். அந்தத் தாள்களோ கட்டுக்கட்டாகப் பெட்டியில் கிடக்கும், யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்த வேலை ஒழிந்ததில் ஓட்டுநருக்கும் நிம்மதிதான்.

ஆணையத்தின் வாதம் எளிமையானது: கட்டணத்தை உயர்த்தித் தந்துவிட்டோம், பதிலுக்குப் பயணிக்கு வசதி செய்துகொடுங்கள். ஓட்டுநர்கள் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. எட்டு ஆண்டு விலைவாசிக்கு ஈடாக, வந்திருக்க வேண்டிய உயர்வு தாமதமாக வந்திருக்கிறது. அதையே புதிய கருவிக்கான விலையாகவும் கணக்கு வைப்பது எப்படி நியாயம்? எனக்கு ஓட்டுநர்களின் கேள்வி சரியாகவே படுகிறது. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு அதையே புதுச் செலவுக்கான முன்பணம் என்றும் சொல்ல முடியாது.

கருவியைப் பொருத்திப் பராமரிக்கும் வேலை சில தனியார் நிறுவனங்களிடம் போனது. பெரும்பாலான வண்டிகளில் வெரிஃபோன், கிரியேட்டிவ் மொபைல் டெக்னாலஜிஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் கருவிகள் ஏறின. பின்திரையில் விளம்பரம் ஓட்டி அவர்கள் வருமானம் பார்த்தார்கள். டாக்சி டிவி என்று பெயர் வாங்கிய அந்தத் திரை, ஒரே துணுக்குகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி 12 மணி நேரமும் ஓட்டுநரின் பிடரியில் சத்தம் போட்டது. பயணிகளுக்கும் பிடிக்கவில்லை. 2015இல் ஆணையமே அந்த டிவி இல்லாத கருவிகளைச் சோதிக்க அனுமதி தந்தது.

செப்டம்பர் 2007

ஓட்டுநர்களின் எதிர்ப்பைத் திரட்டியது 1998இல் தொடங்கிய நியூயார்க் டாக்சித் தொழிலாளர் கூட்டணி. அதன் தலைமையில் இருந்தவர் பைரவி தேசாய். குஜராத்தில் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலானோர் குடியேறிகள்: வங்கதேசம், பாகிஸ்தான், பஞ்சாப், ஹைட்டி, எகிப்து, மேற்கு ஆப்பிரிக்கா என்று பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கொருவர் மொழி வேறு, கராஜ் வேறு, வேலை நேரமும் வேறு. கடை அடைப்பதுபோல ஒரே இடத்தில் கதவைச் சாத்திப் போராட இவர்களுக்கு இடமே கிடையாது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து 2007 செப்டம்பர் 5, 6 தேதிகளில் 48 மணி நேர வேலைநிறுத்தம் நடந்தது. அக்டோபர் 22இல் இன்னொரு நாள்.

கோரிக்கை இரண்டு. ஒன்று, புதிய கருவியோடு வரும் ஜி.பி.எஸ்., அதாவது வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி, எங்களைக் கண்காணிக்கும். இரண்டு, கார்டுத் தொகையில் 5 சதவீதம் எங்களிடமிருந்து பிடிக்கப்படும்; கருவி கெட்டுப்போனால் இழக்கும் நேரமும் எங்களுடையது.

மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் நிர்வாகம் அசைந்து கொடுக்கவில்லை. வேலைநிறுத்த நாட்களில் மண்டலவாரியான கட்டணமும், ஒரே வண்டியில் பலரை ஏற்றும் அனுமதியும் அறிவித்துச் சமாளித்தார்கள். பாதிக்கு மேல் வண்டிகள் ஓடுகின்றன என்றது நகரம். பெரும்பாலோர் வண்டி எடுக்கவில்லை என்றது சங்கம். யார் எண்ணிக்கை சரி என்பதைவிட, பேச்சுவார்த்தை மேசைக்கு 5 சதவீதம் வரவே இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜி.பி.எஸ். பற்றி ஊரே பேசியது. தலைப்புச் செய்திகள் அதைப் பற்றித்தான். பிடித்தத்தின் கணக்கு உள்பக்கச் செய்தியாகிப்போனது. சங்கமும் தன் இரண்டு கோரிக்கைகளில் எதை முன்னால் வைத்தது என்பதில் கொஞ்சம் தவறியது என்றே நினைக்கிறேன்.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. செப்டம்பர் இறுதியில் கூட்டாட்சி நீதிபதி திட்டத்துக்குத் தடை விதிக்க மறுத்தார். வண்டிகள் ஆண்டுக்கு மூன்று முறை குயின்ஸின் வுட்சைடு பரிசோதனை நிலையத்துக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. அந்தப் பரிசோதனையோடு கருவியை முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கருவி இல்லையென்றால் வண்டி தேறாது. அமலாக்க உத்தி என்ற முறையில் இது மிகவும் கெட்டிக்காரத்தனமானது. தனியாக ஆய்வாளர் படை தேவைப்படவில்லை. சில மாதங்களில் முழு வண்டித் தொகுதியும் கருவிக்கு மாறியது.

ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு

12 டாலர் சவாரி, 2 டாலர் டிப்ஸ். மொத்தம் 14. பயணி கார்டைத் தேய்த்தால் அதில் 70 சென்ட் பிடித்தம். டிப்ஸுக்கும் சேர்த்துத்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரு ஷிஃப்டில் 150 டாலர் கார்டில் வந்தால் 7.50 டாலர் போகும். வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட் ஓட்டுபவருக்கு 45 டாலர். ஆண்டுக்கு 50 வாரம் என்று வைத்தால் 2,250 டாலர். உதாரணக் கணக்குதான் இது. ஆனால் அன்றைய வாடகைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், ஆண்டில் இருபது ஷிஃப்ட் வாடகையை இன்னொரு முறை கட்டுவதற்குச் சமம்.

அமெரிக்காவில் ஒரு கடைக்காரர் கார்டுக்காகக் கட்டும் விகிதம் வழக்கமாக 2, 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அவருக்குப் பொருளின் விலையில் அதை ஏற்றிக்கொள்ளும் சுதந்திரமும் உண்டு. டாக்சி ஓட்டுநருக்கு அது கிடையாது. மீட்டர் கட்டணத்தை ஆணையம் தீர்மானிக்கிறது. பயணியிடம் கூடுதலாக ஒரு சென்ட் கேட்டாலும் குற்றம். விலையை ஏற்ற முடியாத ஒருவரிடம் செலவை மட்டும் ஏற்றினார்கள்.

விளைவு, அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் டாக்சி ஏறிய எவருக்கும் தெரிந்த வாசகம்: "மெஷின் வேலை செய்யவில்லை." பயணி இறங்கும்போது கார்டை எடுப்பார், ஓட்டுநர் இந்த வாசகத்தைச் சொல்வார். சில நேரம் உண்மையிலேயே கருவி பழுது. பல நேரம் இல்லை. ஆணையம் இதற்கும் விதி போட்டது. பழுதானால் ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வண்டி ஓடக் கூடாது. பயணிகள் 311 என்ற நகரச் சேவை எண்ணில் புகார் தரலாம். கார்டில் கட்டும் உரிமை பயணிகளின் உரிமைப் பட்டியலிலும் ஏறியது.

பயணியின் கோபம் நியாயமானது. அதே நேரம், கார்டு நீட்டப்படும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநருக்கு இழப்பு, ரொக்கம் நீட்டப்பட்டால் இழப்பில்லை என்று நீங்களே ஒரு விதியை அமைத்துவிட்டு, அவர் கார்டைத் தவிர்க்கும்போது நேர்மை பற்றிப் பாடம் எடுப்பது முறையில்லை. பிடித்தம் வேறு யாராவது கட்டுவதாக இருந்திருந்தால் இந்தப் பொய்க்கான தேவையே குறைந்திருக்கும்.

ஓட்டுநர்கள் அஞ்சியதில் நடக்காதது

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கார்டு வந்தால் டிப்ஸ் குறையும், சவாரி குறையும் என்ற பயம் பலருக்கு இருந்தது. அது பலிக்கவில்லை. பயணிகள் கார்டுக்கு வேகமாக மாறினார்கள். 2013இல் பாதிக்கு மேற்பட்ட சவாரிகளுக்குக் கார்டில்தான் பணம் வந்தது. டிப்ஸும் கூடியது. காரணம், திரையில் இருந்த பொத்தான்கள்.

இதைப் பற்றி 2014இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் அருமையான ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் திரையில் கட்டணம் 15 டாலருக்குக் கீழே இருந்தால் 2, 3, 4 டாலர் என்று மூன்று டிப்ஸ் பொத்தான்கள் வரும். 15ஐத் தொட்டால் 20, 25, 30 சதவீதம் என்று மாறிவிடும். 14.90க்கு மிகச் சிறிய பொத்தான் 2 டாலர். 15.10க்கு அதுவே 3 டாலரைத் தாண்டுகிறது. இரண்டு பயணிகளுக்கும் இடையே வேறு எந்த வித்தியாசமும் இல்லை, இருபது சென்ட் தூரம்தான். ஆனால் கோட்டைத் தாண்டியதும் சராசரி டிப்ஸ் குறிப்பிடத்தக்க அளவு ஏறியது. கூடவே, எதுவுமே தராமல் போகிறவர்களின் விகிதமும் கொஞ்சம் ஏறியது. அதிகமாகக் கேட்டால் பெரும்பாலோர் தருகிறார்கள், சிலர் முறைத்துக்கொண்டு பூஜ்யத்தை அழுத்துகிறார்கள்.

ஆக, ஓட்டுநரின் மொத்த வருமானத்தை மட்டும் பார்த்தால் 5 சதவீதப் பிடித்தத்தை டிப்ஸ் உயர்வு பலருக்கு ஈடுகட்டியிருக்கும். ஆணையத்தின் தரப்பில் இதையே பெரிய வாதமாக வைத்தார்கள். எனக்கு இது போதுமான பதிலாகத் தெரியவில்லை. டிப்ஸ் என்பது பயணி ஓட்டுநருக்கு மனமுவந்து தருவது. அதைக் காட்டி, வங்கிச் செலவை ஓட்டுநர் தாங்கலாம் என்று சொல்வது ஒருவருக்கு வந்த அன்பளிப்பை இன்னொருவரின் பாக்கிக்கு எடுத்துக்கொள்வதாகும்.

பதிவு யாருக்குப் பயன்பட்டது

கண்காணிப்பு பற்றிய பயம் என்ன ஆயிற்று? இங்கே கதை இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

மின்பதிவு வந்ததால் பயணிகளுக்குக் கிடைத்த நன்மை நிஜமானது. தொலைந்த பொருளைத் தேடுவது ஒன்று. 1999இல் செலோ கலைஞர் யோ-யோ மா, 25 லட்சம் டாலர் மதிப்புள்ள தன் 1733ஆம் ஆண்டுக் கருவியை டாக்சியின் பின்பெட்டியில் மறந்துவிட்டு இறங்கினார். கையில் ரசீது இருந்ததால் அன்றே போலீஸ் வண்டியைக் கண்டுபிடித்தது. ரசீது வாங்காத சாதாரணப் பயணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கார்டு வந்த பிறகு பணம் கட்டிய பதிவே ரசீதாக நின்றது.

2010இல் பெரிய விவகாரம் ஒன்று வெடித்தது. மீட்டரில் நான்காம் எண் கட்டணம் என்று ஒரு பொத்தான் உண்டு. நகர எல்லைக்கு வெளியே நாசாவ், வெஸ்ட்செஸ்டர் மாவட்டங்களுக்குப் போகும்போது மட்டும் அழுத்த வேண்டியது. கட்டணம் இரட்டிப்பாக ஓடும். நகரத்துக்குள்ளேயே அதை அழுத்தியவர்களை ஜி.பி.எஸ். பதிவு காட்டிக்கொடுத்தது. மார்ச் மாதம் ஆணையம் சொன்ன கணக்கு: 35,000க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள், 18 லட்சம் சவாரிகள், 83 லட்சம் டாலர். செய்தி உலகம் முழுக்கப் போனது. மே மாதம் திருத்தப்பட்ட கணக்கு வந்தது: சுமார் 22,000 ஓட்டுநர்கள், 2,86,000 சவாரிகள், ஏறத்தாழ 11 லட்சம் டாலர். மீதியெல்லாம் தவறாக அழுத்திவிட்டு உடனே மாற்றியவை போன்றவை.

ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், அவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் முதல் கணக்கு வந்த நாளில் நகரத்தின் கிட்டத்தட்ட எல்லா ஓட்டுநர்களும் திருடர்கள் என்ற பேச்சு கிளம்பியது. இரண்டாவது கணக்கு வந்தபோது அதைத் துடைக்க யாரும் அதே சத்தத்தில் பேசவில்லை. பதிவு கையில் இருப்பவர் அதைச் சரிபார்க்காமல் வெளியிடும் ஆபத்து இதுதான்.

2014இல் வேறு மாதிரி ஒன்று நடந்தது. தகவல் உரிமை மனு ஒன்றின் வழியே 2013ஆம் ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட சவாரிகளின் பதிவு வெளியே வந்தது. வில்லை எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் மறைக்கப்பட்டுத்தான் இருந்தன, ஆனால் மிகவும் பலவீனமான முறையில். ஒரு மென்பொருள் பொறியாளர் சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் உடைத்துக் காட்டினார். எந்த ஓட்டுநர், எந்த நேரத்தில், எங்கே, எவ்வளவு சம்பாதித்தார் என்பது அத்தனையும் திறந்துகிடந்தது. பத்திரிகைப் படங்களில் டாக்சி ஏறும் பிரபலங்களின் வண்டி எண்ணை வைத்து, அவர்கள் எங்கே போனார்கள், கார்டில் எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பதையும் சிலர் எடுத்துவிட்டார்கள். ரொக்க டிப்ஸ் பதிவாவதில்லை. அதனால் தாராளமாக ரொக்கம் கொடுத்தவர்கள்கூடக் கஞ்சர்களாகத் தெரிந்தார்கள்.

ஜி.பி.எஸ். வழக்குகள் தொடர்ந்தன. அதிகக் கட்டணக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஓட்டுநர் ஒருவர், அனுமதியில்லாத சோதனை இது என்று மேல்முறையீடு வரை போனார். 2016இல் தோற்றார். அந்தந்த நேரத்தில் அந்த டாக்சியின்மேல் தனக்குச் சொத்துரிமை இருந்ததாக அவர் நிறுவவில்லை என்றது நீதிமன்றம். வாடகையும் பெட்ரோலும் கட்டி, 12 மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருப்பவர் இவர்கள். சட்டத்தின் முன் அந்த வண்டியோடு தனக்கு என்ன உறவு என்பதைக்கூட ஓட்டுநர்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீட்டர் கணினிமயமானதும் அரசுக்கும் வசதியானது. 2009 நவம்பரிலிருந்து பொதுப் போக்குவரத்துக்காக ஒரு சவாரிக்கு 50 சென்ட், 2015இலிருந்து சக்கர நாற்காலி ஏறும் வண்டிகளுக்காக 30 சென்ட், 2019இலிருந்து நெரிசலுக்காக 2.50 டாலர் என்று மீட்டரின் மேல் தீர்வைகள் வந்து உட்கார்ந்தன. பேனாவும் தாளும் இருந்த காலத்தில் இவற்றை வசூலிப்பது பெரும்பாடாக இருந்திருக்கும்.

திருத்தம், தாமதமாக

2012இல் மறுபடி கட்டணம் உயர்ந்தது, 17 சதவீதம். அப்போதுதான் 5 சதவீதப் பிடித்தம் போனது. அதற்குப் பதிலாக வாடகையின் உச்சவரம்பில் ஒரு ஷிஃப்டுக்குச் சுமார் 10 டாலர் நிலையாகச் சேர்க்கப்பட்டது. பார்த்தால் ஒரு கையில் எடுத்ததை மறுகையில் வாங்கியதுபோல இருக்கும். கார்டில் குறைவாக வாங்கிய ஓட்டுநருக்கு இது நஷ்டமாகக்கூட ஆகியிருக்கும். ஆனாலும் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. பயணி கார்டை எடுக்கும் நொடியில் ஓட்டுநருக்கு இழப்பு என்ற நிலை போனது. 10 டாலர் எப்படியும் போகத்தான் போகிறது, கார்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். ஆகவே கார்டை மறுக்கக் காரணம் இல்லை. இவ்வளவு எளிமையான திருத்தத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

அதற்குள் 2011 மே மாதம் ஊபர் அந்த நகரத்தில் இறங்கியிருந்தது. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லாமல் இறங்கிப் போகலாம். மஞ்சள் டாக்சி கார்டு வாங்கிப் பழகியிருந்ததால் அந்தப் போட்டியில் பின்தங்கியது பணம் செலுத்தும் விஷயத்தில் இல்லை. கார்டு கட்டாயம் இல்லாமல் இருந்திருந்தால் சரிவு இன்னும் வேகமாக வந்திருக்கும் என்பது என் எண்ணம். ஓட்டுநர்கள் வெறுத்த விதி ஓரளவு அவர்கள் தொழிலையும் தாங்கிப் பிடித்தது.

லண்டனும் சென்னையும்

லண்டனின் கறுப்பு டாக்சிகளில் 2016 அக்டோபர் 31 முதல் கார்டு கட்டாயம். தொட்டால் போதும் வகைக் கார்டும் அதில் அடக்கம், ரசீதும் தர வேண்டும். நியூயார்க்கைப் போலவே இங்கும் ஓட்டுநர் பயணியிடம் கூடுதல் தொகை கேட்கக் கூடாது. ஆனால் விதியை எழுதியபோதே குறைந்தபட்சக் கட்டணத்தை 2.40 பவுண்டிலிருந்து 2.60 ஆக உயர்த்தினார்கள், கார்டுச் செலவுக்கு ஈடாக என்று வெளிப்படையாகச் சொல்லி. ரொக்கம் தருகிறவரும் அந்த 20 பென்ஸைச் சேர்த்தே தருகிறார், அது ஒரு குறைதான். இருந்தாலும் செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் இருந்தது. லண்டன் ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு வண்டி சொந்தம் அல்லது நீண்ட கால வாடகை, பணமும் நேராக அவர்கள் கணக்குக்கே வரும் என்பதும் உதவியது.

நம் ஊரில் ஆட்டோக்காரருக்கு யாரும் உத்தரவே போடவில்லை. சென்னையில் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது, "ஜிபே பண்ணிடுங்க சார்" என்று அவரே சொல்கிறார். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ மூலம் வாங்கும் பணத்துக்கு வியாபாரியிடம் பிடித்தம் கிடையாது. பணம் அந்த நிமிடமே அவர் கணக்கில் விழுகிறது, நடுவில் கராஜ் முதலாளி யாரும் இல்லை. நியூயார்க் ஓட்டுநர்களுக்கு 2007இல் கிடைக்காமல் போன இரண்டும் இவைதான்: பிடித்தம் வேண்டாம், பணம் கைக்கு வர வேண்டும். இரண்டும் கிடைத்த இடத்தில் கட்டாயமே தேவைப்படவில்லை. இந்த இலவசத்தின் செலவை வங்கிகளும் அரசும் தாங்குகின்றன, அது எத்தனை நாள் ஓடும் என்ற விவாதம் தனி.

ரொக்கத்தை ஒழிக்காமல் கார்டைச் சேர்த்ததும் நியூயார்க் செய்த நல்ல காரியம். வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் அந்த நகரத்தில் கணிசமாக உண்டு. மஞ்சள் டாக்சி இரண்டையும் வாங்க வேண்டும். 2020இல் நகர மன்றம் கடைகளும் உணவகங்களும் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இப்போது ஹாங்காங். அங்கே டாக்சிகள் சுமார் 18,000. ஆக்டோபஸ் அட்டை 1997இலேயே வந்து ரயில், பேருந்து, கடை என்று எங்கும் ஓடியும், டாக்சிகள் மட்டும் பல ஆண்டுகள் பெரும்பாலும் ரொக்கத்திலேயே நின்றன. ஓட்டுநர்களில் முதியவர்கள் அதிகம். நியூயார்க்கைப் போலவே உரிமம் ஒருவரிடம், வண்டி தினவாடகைக்கு இன்னொருவரிடம். 2026 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஓட்டுநரும் குறைந்தது இரண்டு மின்வழிகளில் பணம் வாங்க வேண்டும் என்பது விதி. ஒன்று கியூஆர் வழி, மற்றது கியூஆர் அல்லாத வழி. இரண்டு வகை கேட்டது நல்லது. கைபேசி கையாளத் தெரியாத பயணிக்கு அட்டை, அட்டை இல்லாத சுற்றுலாப் பயணிக்குக் கைபேசி. நான் அந்த விதியில் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்க்கச் சொல்வேன். கார்டு, கியூஆர் பிடித்தம் எவ்வளவோ அதை மீட்டர் கட்டண உயர்வில் தனித் தொகையாகக் காட்ட வேண்டும். ஓட்டுநர் மின்வழியில் வாங்கக் கடமைப்பட்டவர் என்றால், வண்டியின் சொந்தக்காரரும் தினவாடகையை மின்வழியில் வாங்கக் கடமைப்பட்டவர் ஆக வேண்டும், அதற்கான பிடித்தம் அவருடையதாக இருக்க வேண்டும்.